மெல்சாக் என்ற உளவியலாளரும் தீராத வலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். முதுகு, கழுத்து, மூட்டு, தலை, அக்கி வந்து ஆறிய இடம் என்று எங்கே வேண்டுமானாலும் அது குடியேறலாம். அதைப் பற்றி மருத்துவர்கள் இன்று பேசுவதில் கணிசமான பகுதி, மருத்துவமே படிக்காத ஒருவரின் ஆய்வறையிலிருந்து வந்தது. அவரைப் பற்றியும், வலிக்கு உளவியலாளரிடம் போகச் சொன்னால் என்ன பொருள் என்பது பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகள் இவை.

யார் இந்த ரொனால்ட் மெல்சாக்?

கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1929-ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அதே நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் என்ற பெயர்பெற்ற உளவியலாளரிடம் ஆய்வு செய்து 1954-ல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் ஓரிகனில் சில ஆண்டுகள், ஐரோப்பாவில் கொஞ்ச காலம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சில ஆண்டுகள். 1963-ல் மெக்கிலுக்கே திரும்பி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். 2019 டிசம்பரில் தமது 90-வது வயதில் காலமானார்.

மருந்துச்சீட்டு எழுதும் உரிமைகூட இல்லாத இவர், உலக வலி ஆய்வுச் சங்கத்தின் தலைவராக 1984 முதல் 1987 வரை இருந்திருக்கிறார். இன்னொரு முகமும் உண்டு: கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் பழங்குடி மக்களின் நாட்டுப்புறக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதி, புத்தகங்களாகவும் கொண்டுவந்தார். வலியையே நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அது தேவைப்பட்டிருக்கும் போலும்.

வலி உடம்பு சம்பந்தப்பட்டது. உளவியலாளருக்கு அதில் என்ன வேலை?

இந்தக் கேள்விக்குப் பின்னால் 350 ஆண்டுக்கும் மேல் பழமையான ஒரு படம் இருக்கிறது. பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த் எழுதி, அவர் இறந்த பிறகு 1660-களில் வெளிவந்த நூலில், நெருப்புக்குப் பக்கத்தில் கால் வைத்திருக்கும் ஒருவனின் ஓவியம் வருகிறது. காலில் சூடு பட்டதும் நரம்பு என்ற நூல் இழுபடுகிறது; மேலே மூளையில் மணி அடிக்கிறது. இவ்வளவுதான் வலி. எவ்வளவு காயமோ அவ்வளவு வலி. காயம் ஆறினால் வலியும் போய்விடும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை அப்படியே ஏற்றுக்கொண்டால், காயம் ஆறியும் வலிக்கிறது என்று சொல்பவரை என்ன செய்வது? பொய் சொல்கிறார், அல்லது மனக்கோளாறு. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பல நோயாளிகளுக்குக் கிடைத்த பதில் இதுதான். நரம்பை வெட்டினால் வலி நிற்கும் என்று அறுவை சிகிச்சையும் செய்து பார்த்தார்கள். பலருக்கு வலி திரும்பி வந்தது. சிலருக்கு முன்பைவிட மோசமாக வந்தது. அந்த மணிக்கயிற்றுப் படத்தைக் கிழிப்பதுதான் மெல்சாக்கின் வாழ்நாள் வேலையாக அமைந்தது.

அவர் நாய்களை வைத்துச் செய்த ஆய்வு என்ன?

ஹெப்பின் ஆய்வகத்தில் ஸ்காட்டிஷ் டெரியர் இன நாய்க்குட்டிகளைப் பால்குடி மறந்த பருவத்திலிருந்து வளரும்வரை தனித்தனிக் கூண்டுகளில் அடைத்து வளர்த்தார்கள். மற்ற நாய்களோடு விளையாட்டு இல்லை, முட்டிமோதல் இல்லை. வெளியே விட்டபோது அவை எரியும் தீக்குச்சியை மோந்து பார்க்க மூக்கை நீட்டின. சுட்டதும் மூக்கு பின்வாங்கியது. ஆனால் உடனே மறுபடியும் அதே தீயில் மூக்கை வைத்தன. சாதாரணமாக வளர்ந்த நாய் ஒரு முறை சுட்டுக்கொண்டால் அந்தப் பக்கமே தலை காட்டாது.

1957-ல் இந்த முடிவுகள் வெளியாயின. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அவ்வளவு எளிதில் அனுமதிக்காது. படிக்கும்போது வயிற்றைப் பிசையத்தான் செய்கிறது. ஆனால் அதிலிருந்து வந்த சேதி பெரியது. அனிச்சையாக உடம்பு பின்வாங்குவது வேறு. இது வலி, இது ஆபத்து, இனி இதை நெருங்கக் கூடாது என்று அறிவது வேறு. இரண்டாவது வாழ்ந்து பெறும் அனுபவத்தைச் சார்ந்தது. மணிக்கயிற்றுப் படத்தில் அனுபவத்துக்கு இடமே கிடையாது.

நோயாளிகள் பக்கம் எப்போது திரும்பினார்?

ஓரிகனில். போர்ட்லண்ட் நகர மருத்துவக் கல்லூரியில் வில்லியம் லிவிங்ஸ்டன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் வலிக்கென்றே ஒரு பிரிவு நடத்திவந்தார். அங்கே வந்தவர்களில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. சர்க்கரை நோயால் கால்களை எடுத்துவிட்டார்கள். இல்லாத கால்களில் கடும் வலி. அவர் வெறுமனே ‘வலிக்கிறது’ என்று சொல்லவில்லை. எரிகிறது, சுண்டி இழுக்கிறது, பிடித்து நெரிக்கிறது என்று விதவிதமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த இளம் ஆய்வாளர் அந்தச் சொற்களைக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். அடுத்தடுத்த நோயாளிகளின் சொற்களும் சேர்ந்தன. அந்தச் சேகரிப்பு என்னவாக மாறியது என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

‘கதவுக் கொள்கை’ என்கிறார்களே, அது என்ன?

முழங்கால் மேசையில் இடித்ததும் கை தானாகவே அந்த இடத்தைத் தேய்க்கிறது. வலி கொஞ்சம் அடங்குகிறது. ஏன்? மெல்சாக்கும் நரம்பியல் ஆய்வாளர் பேட்ரிக் வாலும் 1965 நவம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு பதில் வைத்தது. தொடுதல் உணர்வைத் தடித்த நரம்பிழைகள் கொண்டுவருகின்றன. வலிச் சேதியை மெல்லிய இழைகள் கொண்டுவருகின்றன. இரண்டும் தண்டுவடத்தின் பின்பக்கத்தில் சந்திக்கின்றன. அங்கே ஒரு கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது. தடித்த இழைகள் சுறுசுறுப்பானால் கதவு ஒருக்களிக்கிறது. மெல்லியவை ஓங்கினால் திறக்கிறது.

தேய்ப்பதன் ரகசியம் இவ்வளவே. ஆனால் கட்டுரையின் உண்மையான வெடி வேறு இடத்தில் இருந்தது. மூளையும் மேலிருந்து கீழே சேதி அனுப்பி அந்தக் கதவை மூடலாம், திறக்கலாம் என்றார்கள். பயம், கவனம், பழைய அனுபவம், எதிர்பார்ப்பு ஆகியவற்றுக்குத் தண்டுவடத்திலேயே அதிகாரம் உண்டு என்று இதற்குப் பொருள். வலியில் உளவியலுக்கு இருந்த இடம், நோயாளியைச் சந்தேகிக்கும் இடத்திலிருந்து நரம்பு மண்டலத்துக்குள்ளேயே மாறியது.

இதே இருவரும் 1962-ல் எழுதிய முந்தைய கட்டுரையை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1965 கட்டுரையைக் கவனித்தார்கள். கவனித்த வேகத்தில் எதிர்க்கவும் செய்தார்கள்.

அந்தக் கொள்கை சரியென்று நிரூபிக்கப்பட்டதா?

பாதி. கதவின் உள் அமைப்பை அவர்கள் வரைந்த விதம் அப்படியே நிற்கவில்லை; தண்டுவடத்தின் வேலை அந்த வரைபடத்தைவிட மிகச் சிக்கலானது. மேலிருந்து கீழே வரும் கட்டளை என்ற பகுதியோ ஆச்சரியப்படும் அளவுக்கு உறுதியானது. 1969-ல் டேவிட் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர், எலியின் நடுமூளையில் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டிக்கொண்டே மயக்க மருந்தில்லாமல் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்து காட்டினார். 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் மூளையே தயாரிக்கும், மார்ஃபின் என்ற வலிநீக்கி மருந்தைப் போன்ற பொருள்களைக் கண்டுபிடித்தார்கள். கதவை மூடும் கை உள்ளேயே இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

பிசியோதெரபி அறைகளில் தோலில் பட்டைகள் ஒட்டி மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ் கருவியும் இந்தக் கொள்கையின் பேரப்பிள்ளைதான். வாலும் வில்லியம் ஸ்வீட்டும் 1967-ல் அதற்கான முதல் சோதனைகளை வெளியிட்டார்கள். சிலருக்கு உதவுகிறது. நாட்பட்ட முதுகுவலிக்கு அதை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கில் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

அந்தச் சொல் சேகரிப்பு என்ன ஆயிற்று?

அதுதான் மெக்கில் வலி வினாத்தாள். எனக்குக் கேட்டால், கதவுக் கொள்கையைவிட இதுவே பெரிய சாதனை என்பேன்.

1971-ல் மெல்சாக்கும், புள்ளியியலில் தேர்ந்த வாரன் டார்கர்சனும் வலியைக் குறிக்கும் 102 ஆங்கிலச் சொற்களை எடுத்து வகை பிரித்தார்கள். பிறகு மருத்துவர்கள், நோயாளிகள், மாணவர்கள் என மூன்று தரப்பிடமும் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு கடுமையைக் குறிக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். படிப்பும் வாழ்க்கையும் வேறுவேறாக இருந்தும், எந்தச் சொல் எதைவிடக் கடுமையானது என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். வலி என்பது அவரவர் மனம்போனபடி சொல்வது என்ற வாதத்துக்கு இது சரியான அடி.

1975-ல் இறுதி வடிவம் வந்தது: 20 தொகுதிகள், 78 சொற்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சொற்கள் லேசானதிலிருந்து கடுமையானதாக ஏறும். சூட்டைக் குறிக்கும் தொகுதியை எடுத்துக்கொண்டால், சுடுகிறது என்பதில் தொடங்கி எரிகிறது, வேகிறது, பொசுங்குகிறது என்று போகும். நோயாளி தமக்குப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். பொருந்தாத தொகுதியை விட்டுவிடுகிறார். முதல் 10 தொகுதிகள் உடம்பு உணர்வதைப் பற்றியவை. அடுத்த 5 அது மனத்தை என்ன செய்கிறது என்பது பற்றியவை: களைக்கவைக்கிறது, மூச்சுத் திணறவைக்கிறது, அச்சுறுத்துகிறது, தண்டிக்கிறது. 16-வது தொகுதி ஒட்டுமொத்த மதிப்பீடு: தொந்தரவு என்பதில் ஆரம்பித்துத் தாங்கவே முடியவில்லை என்பதில் முடியும். மீதி நான்கும் கலவை.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்று மருத்துவமனைகளில் கேட்கிறார்களே, அதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இருவர் ‘ஏழு’ என்பார்கள். ஒருவருக்கு இடுப்பிலிருந்து பாதம்வரை மின்சாரம் பாய்கிறது. இன்னொருவருக்கு இடுப்பே கல்லாகக் கனக்கிறது. நோயும் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. எண்ணில் இரண்டும் ஒன்றாகிவிடும். நேரம் குறைவான இடங்களுக்காக 15 சொற்கள் கொண்ட சுருக்க வடிவத்தை 1987-ல் அவரே தயாரித்தார். வினாத்தாள் பிறகு பல மொழிகளுக்குப் போனது.

பிரசவ வலியையும் இதை வைத்து அளந்தார்களா?

அளந்தார்கள். முதல் பிரசவத்தில் பெண்கள் தந்த மதிப்பெண்கள் சராசரியாக, பல்வலி, மூட்டுவலி, நாட்பட்ட முதுகுவலி ஆகியவற்றின் மதிப்பெண்களை விஞ்சின. மூச்சுப் பயிற்சி போன்ற பிரசவ வகுப்புகளுக்குப் போனவர்களுக்கு வலி சற்றுக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை என்று 1981-ல் அவர் குழுவினர் எழுதினார்கள். சரியாகப் பயிற்சி எடுத்தால் வலிக்காது என்ற பிரசாரம் ஓங்கியிருந்த காலம் அது. வலித்தால் அது பெண்ணின் தவறு என்ற குற்றவுணர்வை இந்த ஆய்வு கொஞ்சம் இறக்கிவைத்தது. ‘எங்கள் காலத்தில் இதெல்லாம் யார் சொன்னார்கள்’ என்று பேசும் உறவினர்களிடம் இதைச் சொல்லலாம்.

என் மருத்துவர் உளவியலாளரைப் பார்க்கச் சொல்கிறார். என் வலி பொய் என்கிறாரா?

அப்படிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னது தவறு. பெரும்பாலும் அவர் அப்படி நினைப்பதில்லை. விளக்கிச் சொல்ல நேரமில்லாமல் ஒரு வரியில் முடித்துவிடுகிறார், நோயாளி மனம் நொந்து வீடு திரும்புகிறார்.

1968-ல் மெல்சாக், கென்னத் கேசியுடன் சேர்ந்து ஒரு விஷயத்தை முன்வைத்தார். எந்த வலியிலும் மூன்று இழைகள் உண்டு: எங்கே, எப்படி, எவ்வளவு என்ற உணர்வு, அது தரும் துன்பமும் தப்பித்து ஓடத் தூண்டும் உந்துதலும், அது என்ன, எதனால், இனி என்ன ஆகும் என்ற கணிப்பு. பல்வலியிலும் இந்த மூன்றும் உண்டு, புற்றுநோய் வலியிலும் உண்டு. ஆக, மனத்தால் வரும் வலி, உடம்பால் வரும் வலி என்று இரண்டு ஜாதி கிடையாது.

நாட்பட்ட வலியில் நரம்பு மண்டலமே மாறிப்போவதும் உண்டு. வாலின் லண்டன் ஆய்வகத்தில் பணியாற்றிய கிளிஃபர்ட் உல்ஃப் 1983-ல் இதைக் காட்டினார்: தொடர்ந்து வலிச் சேதி வந்தால் தண்டுவடத்து நரம்பணுக்கள் கூர்மையேறிவிடுகின்றன, பிறகு சாதாரணத் தொடுதலே வலியாகலாம். இந்த மாற்றம் ஸ்கேனில் தெரியாது. ஸ்கேனில் தெரிவதும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. முதுகுவலியே இல்லாத பலருக்கும், வயது ஏற ஏற, எம்.ஆர்.ஐ-யில் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கியிருப்பது தெரிகிறது. எனவே ‘ரிப்போர்ட் நார்மல்’ என்பதற்கு ‘வலி இல்லை’ என்று பொருள் எடுப்பது தெகார்த்தின் படத்துக்கே திரும்பிப் போவதாகும்.

சரி, உளவியலாளர் உண்மையில் என்ன செய்வார்?

பேச்சு மட்டும் இல்லை. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் 1960-களின் இறுதியில் ஆரம்பித்த முறை இன்றும் பல வலி மையங்களின் முதுகெலும்பு. வலியால் அன்றாடம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் அவர் பார்த்தார். வலித்தால் ஓய்வு, வலித்தால் மாத்திரை, வலித்தால் வீட்டாரின் கவனிப்பு. நல்லெண்ணத்தில் நடக்கும் இவை எல்லாம் சேர்ந்து ஆளை மெல்ல மெல்லக் கட்டிலுக்குத் தள்ளுகின்றன.

ஓர் உதாரணம். முதுகுவலி உள்ள ஒரு பெண்மணிக்கு இன்று வலி குறைவு. விட்டுப்போன வேலையை எல்லாம் பிடிக்கிறார்: துணி, பரண், ரேஷன் கடை வரிசை. மறுநாளும் அதற்கு மறுநாளும் எழ முடிவதில்லை. கொஞ்சம் தேறியதும் மீண்டும் அதே ஓட்டம். நாளடைவில் உடம்பின் வலு குறைகிறது. வேலை என்றாலே பயம் வருகிறது. உளவியலாளர் இங்கே செய்வது, வலியைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யப் பழக்குவது. வலிக்காவிட்டாலும் 15 நிமிடத்தில் நிறுத்த வேண்டும். சற்று வலித்தாலும் குறித்த அளவைச் செய்து முடிக்க வேண்டும். அளவு வாராவாரம் சிறிது கூடும். மாத்திரைக்கும் இதே கணக்குதான்: வலிக்கும்போது என்றில்லாமல் மருத்துவர் குறித்த நேரத்துக்கு. சொல்ல எளிது. ‘இன்றைக்குத்தான் நன்றாக இருக்கிறதே’ என்று இருக்கும் நாளில் எழுந்துபோய் உட்காருவது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதனோடு சிந்தனையைக் கவனிப்பதும் சேரும். இனி எனக்கு விடிவே இல்லை, உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்ற எண்ணச் சுழலை அளக்க, மைக்கேல் சல்லிவன் 1995-ல் 13 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றைத் தந்தார். அந்தச் சுழல் வலுத்தால் வலியும் முடக்கமும் கூடுகின்றன என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தூக்கம், மூச்சுப் பயிற்சி, தியானம், வீட்டாரிடம் பேசுவது ஆகியவையும் உண்டு.

பலன் எவ்வளவு? ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், சராசரியில் சிறிய அளவு. வலி அடியோடு போய்விடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் இந்த நோய்க்கு மாத்திரைகளும் ஊசிகளும் தரும் பலனும் பெரும்பாலும் சிறியதே. பக்கவிளைவையும் கணக்கில் சேர்த்தால் இது அத்தனை மோசமான பேரம் இல்லை.

இல்லாத காலில் எப்படி வலிக்கும்?

கதவுக் கொள்கையால் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. மெல்சாக்குக்கே அது உறுத்தியது. தண்டுவடம் முற்றிலும் துண்டிக்கப்பட்டவர்களுக்கும் கால் வலிக்கிறது. கீழிருந்து சேதி வர வழியே இல்லை. பிறவியிலேயே கை கால் இல்லாத சிலரும் அந்த உறுப்பை உணர்வதாகச் சொல்கிறார்கள். ஆகவே 1990-ஐ ஒட்டி அவர் இன்னும் துணிந்து ஒரு கருத்தை வைத்தார்: உடம்பு என்ற உணர்வை மூளையில் பரந்து கிடக்கும் ஒரு நரம்பு வலைப்பின்னலே உண்டாக்குகிறது, உடம்பிலிருந்து வரும் சேதிகள் அதை மாற்றும், ஆனால் அவை இல்லாமலும் அது இயங்கும். 60 வயதில் சொந்தக் கொள்கையைத் தாண்டிப் போகிறவர்கள் ஆய்வுலகில் அதிகம் இல்லை.

இதே புதிரைக் கண்ணாடிப் பெட்டியால் அணுகியவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினால், மடங்கி இறுகிய கை விரிந்தது போல் சிலர் உணர்ந்தார்கள்.

அலகு குத்துபவர்களுக்கு ஏன் வலிப்பதில்லை?

மெல்சாக்கும் வாலும் வலி பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தியாவின் செடல் சடங்கு வருகிறது: முதுகில் கொக்கி குத்தித் தொங்கும் மனிதர், முகத்தில் வேதனைக்குப் பதில் பரவசம். மாரியம்மன் கோவில் திருவிழாவோ பத்துமலைத் தைப்பூசமோ பார்த்த நமக்கு இது புத்தகத்தில் படிக்க வேண்டிய செய்தி இல்லை. விரதம், மேளம், கூட்டம், வேண்டுதல் நிறைவேறும் நிறைவு எல்லாம் சேர்ந்து கதவை மேலிருந்து மூடுகின்றன என்று அவர்கள் கொள்கைப்படி சொல்லலாம். இந்தியர்களுக்கே வலி குறைவு என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அபத்தம். அதே பக்தர் மறுவாரம் சொத்தைப் பல்லோடு பல் மருத்துவரிடம் போனால் கத்தத்தான் செய்வார்.

மார்ஃபின் பற்றி அவர் என்ன சொன்னார்?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். மான்ட்ரியலில் பால்ஃபர் மவுன்ட் தொடங்கிய இறுதிநிலைப் பராமரிப்புப் பிரிவில், வாய்வழி மார்ஃபின் கலவை புற்றுநோய் வலியைப் பெருமளவு தணிக்கிறது என்று 1976-ல் மெல்சாக்கும் சேர்ந்து காட்டினார். அடிமையாகிவிடுவார்கள் என்ற பயத்தால் மருந்தை மறுத்து நோயாளிகளைத் துடிக்கவிடுகிறோம் என்று 1990-ல் ஒரு பிரபலக் கட்டுரை எழுதினார். புற்றுநோய் வலியில் அவர் சொன்னது சரி. வலிக்காக எடுப்பவர்கள் அடிமையாவது அபூர்வம் என்ற பொது நம்பிக்கை, பிறகு நாட்பட்ட முதுகுவலிக்கும் அள்ளிக் கொடுக்கும் பழக்கமாக மாறியபோது, அமெரிக்காவிலும் கனடாவிலும் பலர் அதற்கு அடிமையானதும் உயிரிழந்ததும் தெரிந்ததே. அந்தப் பழியில் பெரும்பங்கு மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளுடையது. ஆயினும் ஆய்வாளர்களின் அந்த நம்பிக்கை அளவு மீறியதுதான். இந்தியாவில் நிலைமை நேர்மாறு: 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே தயங்கின. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது; தயக்கம் முழுவதும் போய்விடவில்லை.

விருதுகள்?

நிறைய. 1995-ல் கனடாவின் உயர்ந்த குடிமக்கள் விருதுகளில் ஒன்று, 2010-ல் உளவியலுக்கான கிராமேயர் விருது. நோபல் கிடைக்கவில்லை.

மருத்துவரிடம் என் வலியை எப்படிச் சொல்வது?

‘ரொம்ப வலிக்கிறது’ என்பதோடு நிறுத்தாதீர்கள். குத்துகிறதா, குடைகிறதா, கடுக்கிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா, பிடித்து இழுக்கிறதா என்று வாயில் வரும் சொல்லையே சொல்லுங்கள். அதைத் திருத்தி மருத்துவ மொழியாக்க வேண்டாம். எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற பாய்ச்சல், மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு இருந்தால் அவசியம் சொல்லுங்கள். நரம்பு பாதிப்பை அவை சுட்டலாம், அதற்கான மருந்துகள் வேறு. எப்போது கூடுகிறது, எதனால் தணிகிறது, தூக்கம் எப்படி, வலியால் எந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், கிடைக்கும் சில நிமிடங்களில் எதுவும் விட்டுப்போகாது. முதுகுவலியோடு திடீரென்று கால் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தாலோ தாளெல்லாம் பிறகு. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.